கதிர்காமக் காட்டுவழியில் ஒரு சிரட்டைத் தண்ணீர்

என் தந்தையார் தம் வாழ்நாளில் மூன்று முறை செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் சென்றவர். மாலையில் விளக்கேற்றிய பின் திண்ணையில் அமர்ந்து, அந்த வழியின் கடைசித் தங்குமிடங்களை மந்திரம்போல அடுக்கிச் சொல்லுவார்: "உகந்தை, வாகூரவெட்டை, குமுக்கன், நாவலடி, வியாழை, கட்டகாமம், கதிர்காமம்." ஓரிடத்துக்கும் மற்றோரிடத்துக்கும் இடையே எத்தனை மைல் என்று கேட்டால் அவருக்கு விடை தெரியாது. "ஒரு நேரத் தண்ணீர்த் தூரம்", "இரண்டு நேரத் தண்ணீர்த் தூரம்" என்றுதான் சொல்லுவார். சிறுவனாகிய எனக்கு அது வேடிக்கையாக இருக்கும்.

பின்னர் நான் நில அளவையாளனானேன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சங்கிலியும் தூரதரிசினியும் படமுமாகவே என் வாழ்வு கழிந்தது. நிலத்தை மைலாலும் சங்கிலியாலும் அளக்கத் தெரிந்தவனுக்குத் தண்ணீரால் அளந்த தந்தையின் கணக்கு ஒரு கிழவரின் பேச்சாகவே பட்டது. அந்த எண்ணம் எவ்வளவு பேதைமையானது என்பதை, ஓய்வு பெற்று, தலை நரைத்து, அறுபத்தாறாவது வயதில் அந்த வழியிலேயே நடந்துதான் நான் அறிந்துகொள்ள வேண்டியிருந்தது. அதனை ஒளிக்காமற் சொல்லுவதே இக் கட்டுரையின் நோக்கம்.

கதிர்காம பாதயாத்திரையைப் பற்றி நம்மவர்க்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. சந்நிதியிலிருந்து புறப்படுவோர்க்கு அது ஏறத்தாழ ஒன்றரை மாத நடை. ஆனால் முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு என்று ஊருக்கு ஊர் சோறும் திண்ணையும் கிடைக்கும் வழி அது. பாணமைக்கு அப்பால், கடலருகே கருங்கற் குன்றின் அடியில் இருக்கும் உகந்தை முருகன் கோயிலோடு ஊர்கள் முடிந்துவிடுகின்றன. அங்கிருந்து கதிர்காமம் வரை ஏறத்தாழ 50 மைல், இன்றைய கணக்கில் 80 கிலோமீற்றர், ஒரு கடை இல்லை, ஒரு குடிசை இல்லை. இடப்பக்கத்தில் வங்கக்கடல், வலப்பக்கத்தில் முட்காடு, இரண்டிற்கும் நடுவே மணற்குன்றும் உப்புக்களப்பும் வெட்டைவெளியும். யானையும் கரடியும் சிறுத்தையும் வாழும் இந் நிலத்தைக் கடக்க ஐந்து அல்லது ஆறு நாள்கள் செல்லும்.

இந்தக் காட்டில் ஆண்டு முழுவதும் நடக்க அனுமதியில்லை. குமுக்கன் ஆற்றுக்கு இப்பால் இருப்பது குமண தேசிய வனம். முன்னர் யால கிழக்கு என்று வழங்கிய இதற்கு 2006ஆம் ஆண்டில் இப் பெயர் இடப்பட்டது. அப்பால் இருப்பது 1938ஆம் ஆண்டில் தேசிய வனமாக்கப்பட்ட யால. கதிர்காமத்தில் ஆடித் திருவிழாவுக்கான கொடியேற்றத்தையொட்டி, ஏறத்தாழ இரண்டு வாரங்கள் மட்டும் உகந்தையில் வாயில் திறக்கப்படும். போர்க்காலத்தில் பலமுறை அடைபட்டுக் கிடந்த வழி 2009க்குப் பின்னரே மீண்டும் பெருங்கூட்டங் கண்டது. இடையில் ஒரு தலைமுறைக்கு இந்த வழி தெரியாமற் போயிற்று. நடந்தவர்கள் முதுமையடைந்தனர், நடக்க வேண்டியவர்கள் நடக்கவில்லை. இதனை அப்போது நான் எண்ணிப் பார்க்கவில்லை.

சென்ற யாத்திரைக் காலத்தில் உகந்தையிற் போய் இறங்கினேன். என் முதுகுப்பையில் இல்லாத பொருளில்லை: இரண்டு சோடிச் சப்பாத்து, மடிக்கும் கூடாரம், மருந்துப் பெட்டி, திசைகாட்டி, நானே நிறந்தீட்டிய நிலப்படம். தனியே போகிறவர்களை வாயிலில் விடமாட்டார்கள். ஆகவே மட்டக்களப்பின் படுவான்கரையிலிருந்து வந்த ஒரு கூட்டத்தோடு சேர்ந்துகொண்டேன். என்னையும் சேர்த்து ஒன்பது பேர். அவர்களுக்குத் தலைவி எழுபது வயதைக் கடந்த ஒரு மூதாட்டி. எல்லாரும் அவரை ஆச்சி என்றார்கள். அவருடைய சுமை ஒரு சாக்குப்பை. அதற்குள் அரிசியும் பருப்பும் சிறிது பனங்கட்டியும் ஒரு சேலையும் ஒரு தேங்காய்ச் சிரட்டையும். கையில் ஐந்து லீற்றர்த் தண்ணீர்க் கான் ஒன்று. அவருடைய பேரன், பதின்மூன்று வயதுப் பையன், நிழல்போல அவரைத் தொடர்ந்து வந்தான்.

என் பையை ஆச்சி ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். "மனே, இதுக்குள்ள தண்ணி எங்க?" என்று கேட்டார்.

ஒரு லீற்றர்ப் போத்தலைக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல், கூட்டத்துக்குப் பொதுவான பத்து லீற்றர்க் கானை என்னிடம் தந்தார். "நீ பெலசாலியா இருக்கிறாய். இத நீ கொண்டா" என்றார். அந்தக் கான்தான் இக் கதைக்குக் காரணம்.

முதல் நாள் நடை எளிதாகவே இருந்தது. "அரோகரா" என்ற ஒலியோடு புறப்பட்டவர்கள் மாலைக்குள் வாகூரவெட்டையை அடைந்தோம். வெட்டை என்பது மரமற்ற வெளி. புல் காய்ந்து பொன்னிறமாகக் கிடந்தது. தூரத்தில் எருமைகள் சேற்றிற் புரண்டுகொண்டிருந்தன. சுள்ளி பொறுக்கித் தீ மூட்டிச் சோறு பொங்கினோம். இரவு முழுவதும் நான்கு மூலையிலும் தீ எரிந்துகொண்டிருக்க, ஒருவர் மாறி ஒருவர் விழித்திருந்தோம்.

இரண்டாம் நாள் குமண வில்லின் அருகாகச் சென்றோம். யாத்திரைக் காலமும் நீர்ப்பறவைகள் கூடுகட்டும் காலமும் ஏறத்தாழ ஒன்றாகவே வருகின்றன. கண்டல் மரங்களின் மேல் நாரைகளும் கூழைக்கடாக்களும் நிறைந்து, கிளைகள் வெள்ளைப் பூப் பூத்தனபோற் காட்சியளித்தன. பாலை மரங்கள் பழுத்திருந்தன. அந்தச் சிறிய மஞ்சட் பழத்தின் இனிமையும், உதட்டில் ஒட்டிக்கொள்ளும் அதன் பாலும் வன்னியில் வளர்ந்தவர்க்குத் தெரியும். கரடிக்கும் தெரியும். இந்த மாதங்களிற் கரடி பாலை மரத்திலேறிப் பழம் தின்னும். ஆகவே பாலைக் காட்டுக்குட் புகுமுன் ஆச்சி எல்லாரையும் நிறுத்தி உரக்க அரோகரா சொல்லச் செய்தார். எதிர்பாராமற் கிட்ட வந்துவிட்ட மனிதனைத்தான் கரடி தாக்கும். தூரத்திலேயே சத்தங் கேட்டால் விலகிப் போய்விடும். பக்தியென்று நான் நினைத்திருந்த ஒலிக்கு இப்படி ஒரு பயனும் இருந்தது.

அன்று மாலை குமுக்கன் ஆற்றிற் குளித்தோம். கிழக்கு மாகாணத்தின் எல்லை அந்த ஆறு. சிங்களத்திற் கும்புக் என்றும் நாம் மருது என்றும் சொல்லும் பெருமரங்கள் இருகரையும் வெள்ளைத் தூண்கள்போல நிற்கின்றன. மரத்தின் பெயரே ஆற்றுக்கும் பெயராயிற்று. மருது நிற்கும் இடத்தில் வேருக்கு எட்டும் ஆழத்தில் நீர் உண்டு. முழங்கால் அளவு நீரில் மணலைக் கால் துழாவியபடி ஆற்றைக் கடக்கையில் முதலைக்கு அஞ்சி எல்லாரும் ஒரே நெருக்கமாகச் சென்றோம். அக்கரையில் கான்களை நிரப்பிக்கொண்டோம்.

மூன்றாம் நாள் நாவலடிக்கு நடக்க வேண்டியது. இப்பொழுதெல்லாம் வழக்கமான தங்குமிடங்களுக்குப் படையினரும் தொண்டர்களும் தண்ணீர் கொண்டுவந்து வைக்கிறார்கள். ஆனால் தங்குமிடத்துக்கும் தங்குமிடத்துக்கும் இடையில் நம் கையில் உள்ளதே தண்ணீர். காலை எட்டு மணிக்கே கச்சான் காற்று எழுந்துவிட்டது. மட்டக்களப்பார் கச்சான் என்று சொல்லும் அந்த வரட்சிக் காற்று, தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவது. உடம்பில் வேர்வை அரும்புமுன்னரே அதை உறிஞ்சிக்கொண்டு போய்விடும். தான் எவ்வளவு நீரை இழக்கிறோம் என்பது நடப்பவனுக்குத் தெரியாது.

வழி உள்நாடாக வளைந்து சென்றது. என் படத்தை விரித்துப் பார்த்தேன். கடற்கரையோரமாகப் போனால் தூரம் குறையும். நடுவழியில் ஒரு நீர்நிலையும் நீலநிறத்தில் அழகாகக் குறிக்கப்பட்டிருந்தது. "கரை வழியாகப் போவோம், ஆச்சி. குறுக்குவழி. நடுவில் தண்ணீரும் இருக்கிறது" என்றேன். வழக்கமான வழியை விட்டு விலகலாகாது என்பது உகந்தையிற் சொல்லப்பட்டதுதான். ஆச்சியும் தயங்கினார். ஆயினும் படித்தவன் சொல்லுகிறான் என்று மற்றவர்கள் என் பக்கம் சாய்ந்தார்கள். ஆச்சி கூட்டத்தைப் பிரிக்க விரும்பாமற் பின்னால் வந்தார்.

மணற்குன்றுகளின் மேல் நடப்பதென்பது இரண்டு அடி முன்வைத்து ஓரடி பின்சரிவது. சுமை தோளை அறுத்தது. ஒரு லீற்றர் நீரின் எடை ஒரு கிலோகிராம் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். முன்னால் நீர்நிலை இருக்கிறது, படத்தில் அதை என் கண்ணாலே கண்டேன். பின் எதற்காக இந்தப் பத்துக் கிலோவைச் சுமக்க வேண்டும்? மற்றவர்கள் முன்னே செல்ல விட்டு, ஒரு புதர் மறைவில் நின்று, கானின் பாதித் தண்ணீரை மணலில் ஊற்றினேன். மணல் அதைச் சத்தமில்லாமற் குடித்துக்கொண்டது. இதனை எழுதுகையில் இப்பொழுதும் என் கை கூசுகிறது.

பகல் ஒரு மணியளவில் அந்த நீர்நிலையை அடைந்தோம். படத்திற் குற்றமில்லை, நீர்நிலை அங்கே இருந்தது. அகன்று, பளபளத்து, ஓரமெல்லாம் வெண்மையாகக் காய்ந்து கிடந்தது. நான் குனிந்து ஒரு கை அள்ளி வாயில் விட்டேன். கடலினும் கொடிய உப்பு. படம் நீரின் இடத்தைக் காட்டும். நீரின் சுவையைக் காட்டாது. முப்பது ஆண்டு படம் வரைந்த எனக்கு இது தோன்றாமற் போனதுதான் விந்தை.

கானைத் திறந்து பார்த்த ஆச்சி என் முகத்தைப் பார்த்தார். "ஊத்திப்போட்டயா மனே?" என்று மட்டும் கேட்டார். அந்தக் குரலிற் கோபம் இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மிஞ்சிய நீரை ஒன்பது பேரும் அளந்து குடித்து மேலும் நடந்தோம். மூன்று மணியளவில் ஆச்சியின் பேரன் தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்தான். சற்று நேரத்தில் வாந்தியெடுத்தான். தொட்டுப் பார்த்தேன், மேனி நெருப்பாகக் கொதித்தது, வேர்வை இல்லை. வெப்பத்தாக்கின் அறிகுறிகள் எனக்குத் தெரிந்தவையே. உடனே உடம்பைக் குளிரச் செய்யவேண்டும். சிறிது சிறிதாக நீர் புகட்டவேண்டும். இரண்டிற்கும் தண்ணீர் வேண்டும். எங்கள் எல்லாரிடமும் சேர்த்து ஒரு போத்தலுக்குக் குறைவாகவே இருந்தது. வீரை மரமொன்றின் நிழலில் அவனைக் கிடத்தி, சட்டையைக் கழற்றி, ஈரத்துணியால் துடைத்து விசிறினோம். என் மருந்துப் பெட்டியில் உப்பும் சீனியும் கலந்த பொட்டலங்கள் இருந்தன. கரைக்கத்தான் நீர் இல்லை.

ஆச்சி அழவில்லை, என்னைக் கடியவுமில்லை. பேரனை மற்றவர்களிடம் ஒப்படைத்துவிட்டு, சிரட்டையை எடுத்துக்கொண்டு, "வா மனே" என்று என்னை அழைத்துக்கொண்டு நடந்தார்.

மணற்குன்றுக்கு உட்புறமாக ஒரு வரண்ட ஓடை கிடந்தது. மழைக்காலத்திற் பாய்ந்து, ஆடி மாதத்தில் வெறும் மணலாகிப்போன ஓடை. நான் அதனைப் பார்த்தபோது எனக்குத் தெரிந்தது மணல். ஆச்சி நின்று நின்று பார்த்தார். ஓடை வளையும் இடத்தில், வெளிப்பக்கத்துக் கரையோரம், மஞ்சள் வண்ணாத்திப்பூச்சிகள் ஒரு கூட்டமாக மணலில் அமர்ந்திருந்தன. அருகில் நாவல் மரம் ஒன்று பசுமை குன்றாமல் நின்றது. அதற்கு அப்பால் மணலில் ஆழமாக ஒரு குழி. அதைச் சுற்றிப் பெரிய வட்டமான காலடிகள்.

"பெரியவர் வந்திருக்கிறார்" என்றார் ஆச்சி. காட்டில் யானையைப் பெயர் சொல்லி அழைக்கமாட்டார்கள். வரட்சிக் காலத்தில் யானை காலாலும் துதிக்கையாலும் ஆற்று மணலைத் தோண்டி நீர் குடிக்கும் என்று நான் படித்ததுண்டு. அந்தக் குழியை நோக்கி நான் விரைந்தேன். ஆச்சி கையைப் பிடித்து நிறுத்தினார். "அது அவருடைய கிணறு. நாங்கள் இங்கே தோண்டுவோம்" என்று, சில பாகம் விலகி, வண்ணாத்திப்பூச்சிகள் எழுந்து பறந்த இடத்தில் முழந்தாளிட்டார்.

இருவருமாகக் கையாலும் சிரட்டையாலும் தோண்டினோம். முழங்கை ஆழத்தில் மணல் கறுத்தது. மேலும் ஒரு சாண் போக, குழியின் அடியிற் கலங்கிய நீர் மெல்ல ஊறியது. முதல் நான்கைந்து சிரட்டையை ஆச்சி வெளியே எறிந்தார். பின்னர் வந்தது தெளிந்திருந்தது. வாயில் வைத்துப் பார்த்தேன்: இலை அழுகிய வாடை சற்று இருந்தது, உப்பு இல்லை. நூறு பாகத்துக்கு அப்பால் உப்புக்களப்பு. அதற்கும் அப்பாற் கடல். இடையிலே இந்த நன்னீர்!

ஊற்று மிக மெதுவாக ஊறியது. பையனை நினைந்து நான் பதறினேன். "இன்னும் தோண்டினால் நிறைய வரும்" என்று கையை உள்ளே விட்டேன். ஆச்சி என் கையை வெளியே இழுத்தார்.

"வேணாம் மனே. ஆழத்தில கடல் இருக்கு" என்றார்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு எங்கள் வீட்டுக் கிணறு நினைவுக்கு வந்தது. பங்குனி வெயிலில் நீர் வற்றியபோது கிணற்றை மேலும் ஆழமாக்கலாம் என்று அயலவர் சொல்ல, தந்தையார் மறுத்துவிட்டார். "இறைக்கிறதைக் குறையுங்கோ; ஆழத்தைக் கூட்டாதேங்கோ. கூட்டினால் உவர் ஏறும்" என்றார். யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதற்கும் பொருந்தும் உண்மை அது. மழைநீர் நிலத்துக்குட் சென்று, தன்னிலும் பாரமான கடல்நீரின் மேல் ஒரு வில்லைபோல மிதந்துகொண்டிருக்கிறது. 1888ஆம் ஆண்டளவில் ஒல்லாந்தரான கைபனும், 1901இல் செருமானியரான ஏர்சுபேர்க்கும் தனித்தனியே இதனைக் கணக்கிட்டுக் கூறினார்கள். கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி உயர்ந்து நின்றால், அதற்குக் கீழே ஏறத்தாழ நாற்பதடி வரை நன்னீர் இருக்கும். மேலே ஓரடி குறைந்தால் கீழே உப்பு நாற்பதடி எழும்பும். கரையோரத்து மணலில் அந்த நன்னீர்ப் படை மிக மெல்லியது. பேராசைப்பட்டு ஆழத் தோண்டினாற் கடல்தான் வரும். இவையெல்லாம் நான் படித்துத் தேறியவை. கைபனையும் ஏர்சுபேர்க்கையும் அறியாத ஆச்சிக்கு அது கையிலே இருந்தது. எனக்குப் புத்தகத்திலே இருந்தது.

அரை மணி நேரத்துக்கு மேல் சிரட்டை சிரட்டையாகச் சேர்த்துத் துணியில் வடித்துக் கான் நிரம்பியது. பையனின் தலையையும் மார்பையும் நனைத்தோம். தீ மூட்டிக் கொதிக்க வைத்து ஆற்றிய நீரில் மருந்துப் பொட்டலத்தைக் கரைத்து, கரண்டி கரண்டியாகப் புகட்டினோம். சூரியன் சாய்கையில் அவனுக்கு வேர்த்தது. "ஆச்சி, பசிக்குது" என்றான். அந்தச் சொல்லைக் கேட்டபின்தான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அன்றிரவு நாவலடிக்குப் போக முடியவில்லை. குன்றின் அடியிலேயே தீ வளர்த்துத் தங்கினோம். கடலுக்குள், நெடுந்தூரத்தில், ஓர் ஒளி மின்னி மறைந்து மின்னிற்று. பாறைத்தொடரின் மேல் 1878இல் ஏற்றப்பட்ட வெளிச்சவீட்டின் விளக்கு அது. அந்தப் பாறைகளை இராவணன் கோட்டை என்பது மரபு. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை இக் கரையில் எழுந்தபோது, உயரமான மணற்குன்றுகள் நின்ற இடங்களில் அலை பெரிதும் தடைப்பட்டது. ஆற்றுவாய்களிலும் குன்று தாழ்ந்த இடங்களிலும் உட்புகுந்து உயிர்களை வாரிச் சென்றது. மேலிருந்து வரும் கடலைத் தடுப்பதும் இந்த மணல்; கீழிருந்து வரும் கடலின் மேல் நமக்கு ஒரு வாய் நன்னீரை ஏந்தி வைத்திருப்பதும் இந்த மணல். அதன் மேல் நான் பகல் முழுவதும் முணுமுணுத்துக்கொண்டு நடந்திருந்தேன்.

உறக்கம் வரவில்லை. ஆச்சியும் விழித்திருந்தார். கானைக் கவிழ்த்த கதையை நானாகவே முழுவதும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நானும் ஒருக்கா ஊத்தினனான், சின்ன வயசில. எங்கட அம்மா அடிச்சவ" என்றார். தம் தாயோடு நடந்த அந்த யாத்திரையில்தான் ஓடை வளைவையும் வண்ணாத்திப்பூச்சியையும் அறிந்தாராம். பின்னர் வழி அடைபட்டது. தம் பிள்ளைகளை இவ்வழியே அழைத்துவர அவருக்கு வாய்க்கவில்லை. இப்பொழுது பேரனோடு வருகிறார். என்ன நேர்த்திக்காக நடக்கிறீர்கள் என்று கேட்டேன். ஆச்சி தீயைக் கிளறினார்; விடை சொல்லவில்லை. நான் மேலே கேட்கவில்லை.

விடியற்காலையில் எழுந்து பழைய வழியிற் சேர்ந்து, வெயில் ஏறுமுன் நாவலடியை அடைந்தோம். அப்பொழுதுதான் தந்தையார் சொன்ன பெயர்கள் என் காதில் வேறு விதமாக ஒலித்தன. மருதோங்கும் ஆறு குமுக்கன். நாவலின் அடி நாவலடி. வராகமிகிரரின் பிருகத்சங்கிதையில் நீரைக் கண்டறிவதற்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. நீருக்கு அடையாளமான மரங்களில் நாவலும் ஒன்றாக அங்கே கூறப்படுகிறது. திண்ணையில் இருந்து அவர் எனக்குச் சொல்லித் தந்தவை ஊர்ப்பெயர்கள் அல்ல, தண்ணீரின் முகவரிகள். நான் மைல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நாவலடியில் என் பையைப் பிரித்தேன். கூடாரத்தையும் மேலதிகச் சப்பாத்தையும் மற்றும் பலவற்றையும், திரும்பிச் செல்லும் வண்டியொன்றில் இருந்த தொண்டரிடம் ஒப்படைத்தேன். அந்த இடத்தில் இரண்டு கான் தண்ணீர் ஏறியது. சுமை முன்னையிலும் பாரம். ஆயினும் தோள் நோகவில்லை என்று சொன்னாற் பொய். நொந்தது, நான் அதைப் பற்றிப் பேசவில்லை.

நான்காம் நாள் வியாழைப் பக்கமாக மாணிக்க கங்கையை அடைந்தோம். பின்னர் கட்டகாமம். வழியெங்கும் இன்று காடு; ஆனால் ஒருகாலத்தில் ஊர்கள் இருந்த நிலம் இது. 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராயிருந்து, யாத்திரை ஏற்பாடுகளையும் கவனித்த லெனாட் வூல்ப், மழை பொய்த்து நீர் வற்றிக் காடு ஊரை விழுங்கும் கதையை 1913இல் நாவலாக எழுதினார். அவருக்கு முந்திய தலைமுறையில், அசுத்த நீரால் வாந்திபேதி பரவியமையால், யாத்திரிகர் தொகையை அரசாங்கம் கட்டுப்படுத்தியதும் உண்டு. இந்த வழியின் வரலாறு முழுவதுமே தண்ணீரின் வரலாறுதான்.

ஆறாம் நாட் காலை கதிர்காமத்தில் மாணிக்க கங்கையில் இறங்கினோம். எங்கும் மக்கள் வெள்ளம், கற்பூர மணம். ஆச்சி பேரனின் தலையில் மூன்று முறை நீர் வார்த்தார். பிறகு சிரட்டையை என்னிடம் நீட்டினார். நானும் குனிந்தேன்.

பிரியும் வேளையில் என் நிலப்படத்தை விரித்து, அந்த ஓடையின் வளைவை மதித்து ஒரு சிறு வட்டமிடத் தொடங்கினேன். ஆச்சி எட்டிப் பார்த்து, என்ன செய்கிறாய் என்று கேட்டார். "நாம் தோண்டிய இடத்தைக் குறிக்கிறேன். பின்னால் வருகிறவர்களுக்கு உதவும்" என்றேன்.

அவர் சிரித்தார். "வாற மாரியில அந்த ஓடை வேற பக்கத்தால பாயும் மனே. இடத்தை எழுதி என்ன செய்யிற? எப்பிடிப் பாக்கிறதெண்டத எழுது" என்றார்.

பென்சிலை மடித்து வைத்தேன். அவர் சொன்னபடியே இங்கே எழுதியிருக்கிறேன். வழக்கமான வழியை விட்டு விலகாதீர்கள். கானைக் கவிழ்க்காதீர்கள். வேறு வழியின்றி நேர்ந்தால், ஓடை வளையும் இடத்தின் வெளிக்கரையில் வண்ணாத்திப்பூச்சி அமர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், யானையின் கிணற்றை யானைக்கு விட்டுவிடுங்கள், ஊறியதைப் பொறுமையாக அள்ளிக் கொதிக்க வைத்துக் குடியுங்கள், ஆழத் தோண்டாதீர்கள்.

உகந்தைக்கும் கதிர்காமத்துக்கும் எவ்வளவு தூரம் என்று இப்பொழுது என் பேரப்பிள்ளைகள் கேட்கிறார்கள். நானும் தண்ணீர்க் கணக்கே சொல்லுகிறேன். அவர்கள் சிரிக்கிறார்கள்.